கடலோரத்திலிருந்து கணிதக் கல்வியில் பிஎச்.டி.: இராமநாதபுரம் மாவட்ட ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொண்டியிலோ தங்கச்சிமடத்திலோ கீழக்கரையிலோ சாயல்குடியிலோ கணக்கு ஆசிரியராக இருக்கிறீர்கள். எம்.எஸ்ஸி., பி.எட். கையில் இருக்கிறது. ஒரு பிஎச்.டி. முடித்துவிட வேண்டும் என்ற நினைப்பு ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே தொடங்குவது, யாரைப் போய்ப் பார்ப்பது, வேலையை விடாமல் முடியுமா என்பதுதான் பிடிபடவில்லை. அப்படிப்பட்டவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எம்.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எந்தப் பட்டம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கணிதத்தில் பிஎச்.டி. வேறு, கணிதக் கல்வியில் பிஎச்.டி. வேறு. முன்னது கணிதத் துறையில் நடப்பது. கோட்டுருவியல், இயற்கணிதம் என்று ஒரு கிளையைப் பிடித்துப் புதிதாக எதையாவது நிறுவிக் காட்ட வேண்டும். பின்னது, பிள்ளைகள் கணக்கை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், ஆசிரியர் ஒன்றை மாற்றினால் என்ன மாறுகிறது என்பதை ஆராய்வது. நம் பல்கலைக்கழகங்களில் இது பெரும்பாலும் கல்வியியல் துறைக்குள் வரும். பட்டத்திலும் கல்வியியல் என்றுதான் இருக்கும்.

இந்த வித்தியாசத்தைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டு வருத்தப்படுபவர்கள் உண்டு. கலை அறிவியல் கல்லூரியில் கணிதத் துறையில் சேருவதுதான் உங்கள் குறி என்றால் கல்வியியல் பிஎச்.டி. அங்கே எடுபடாது. பி.எட். கல்லூரி, ஆசிரியர் பயிற்சி நிறுவனம், பாடநூல் வேலை, கல்வி ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றுக்குத்தான் அது உதவும். இன்னொன்று: உதவிப் பேராசிரியர் பணிக்கு 2023 ஜூலையிலிருந்து நெட், செட், ஸ்லெட் எனப்படும் தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேர்ச்சியே குறைந்தபட்சம், பிஎச்.டி. கட்டாயமில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொல்லிவிட்டது. ஆகவே வேலை மட்டுமே நோக்கம் என்றால் முதலில் நெட்டை முடியுங்கள். ஐந்தாறு வருடத்தை ஒரு கேள்விக்காகச் செலவழிக்க மனம் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

கேள்வி முன்னால், கைடு பின்னால்

நம் பக்கத்தில் வழக்கமான வரிசை இதுதான்: தெரிந்தவர் மூலம் ஒரு கைடு, அவர் கொடுக்கும் டாபிக், அப்புறம் வினாநிரல், அப்புறம் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள். முடிவில் 'இராமநாதபுரம் மாவட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கணித மனப்பான்மையும் கணித அடைவும்' என்று ஓர் ஆய்வேடு. மனப்பான்மை நன்றாக இருந்தால் மதிப்பெண்ணும் கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்று அது சொல்லும். இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. மாவட்டத்தின் பெயரையும் வகுப்பையும் மாற்றி இதே தலைப்பில் வந்த ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் தேடிப் பாருங்கள், அலுத்துவிடும்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. முதலில் உங்கள் வகுப்பறையில் உங்களைத் தொந்தரவு செய்கிற ஒரு கேள்வி. அதைக் கையில் வைத்துக்கொண்டு கைடு தேடுங்கள்.

கேள்வி எப்படி இருக்கும்? திருப்பாலைக்குடிப் பக்கம் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விட்டதும் அம்மாவோடு நண்டு எடை போடும் இடத்தில் நிற்கிறாள். எலக்ட்ரானிக் தராசில் 1.350 என்று வருகிறது. 'ஒண்ணு முன்னூத்தம்பது' என்று சத்தமாகச் சொல்கிறாள். அடுத்த கூடை 1.500. 'ஒன்றரை' என்கிறாள். எது அதிகம் என்று கேட்டால் சிரிப்பாள், அவ்வளவு சுலபம். மறுநாள் வகுப்பில் 1.5, 1.35 இரண்டையும் கரும்பலகையில் எழுதி எது பெரியது என்று கேளுங்கள். 1.35 என்று அதே பெண் சொல்லக்கூடும். காரணம் கேட்டால் 'அஞ்சை விட முப்பத்தஞ்சு பெருசுல்ல சார்' என்பாள்.

இந்தப் பிழை உலகம் முழுக்கத் தெரிந்ததுதான். புள்ளிக்கு வலப்புறம் இருப்பதை முழு எண்ணாகவே பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் நம் கரையில் அதற்கு ஒரு தனிக் கோணம் இருக்கிறது. தராசில் எப்போதும் மூன்று இலக்கம் நிற்கும். அதனால் கிராமை முழு எண்ணாகப் படித்தாலும் அங்கே தப்பு வராது. பாடப்புத்தகம் கடைசிப் பூஜ்ஜியங்களை எடுத்துவிடுகிறது, உடனே தப்பு வெளியே வருகிறது. அப்படியானால் தராசு அவளுக்குத் தசமத்தைக் கற்றுக்கொடுத்ததா, தசமம் தெரியாமலே சமாளிக்கக் கற்றுக்கொடுத்ததா? தராசின் மூன்று இலக்கத்தையே படியாக வைத்துப் பாடம் நடத்தினால் பிழை குறையுமா? எடையே போடாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தப் பாடம் உதவுமா? மூன்று கேள்விகள் வந்துவிட்டன. இதில் ஒன்று போதும் ஒரு பிஎச்.டி.க்கு.

இப்படி யோசிப்பது புதுசும் இல்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த 9 முதல் 15 வயதுப் பிள்ளைகள் ஐந்து பேரை வைத்துக் கராஹர், ஷ்லீமன் குழு 1985-இல் வெளியிட்ட ஆய்வைக் கணிதக் கல்வியில் எல்லோரும் படிப்பார்கள். வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான். ஒரு பையனிடம் தேங்காய் ஒன்று 35, பத்து வேண்டும் என்றார்கள். மூன்று 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, இன்னும் நாலு வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போய் 350 என்று முடித்தான். பத்தால் பெருக்கினால் ஒரு பூஜ்ஜியம் சேர்க்கச் சொல்லிப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்திருந்தது, அவன் அந்தப் பக்கமே போகவில்லை. அதே குழுவைச் சேர்ந்தவர்கள் பின்னால் வடகிழக்குப் பிரேசிலின் மீனவர்களிடம் விகிதக் கணக்கு எப்படி ஓடுகிறது என்றும் பார்த்தார்கள். இந்தியாவில் டெல்லியிலும் மும்பை தாராவியிலும் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதே திசையில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பாக் நீரிணைக் கரையிலும் மன்னார் வளைகுடாக் கரையிலும் செய்வதற்கு நிறைய மிச்சம் கிடக்கிறது.

படகு கரை வந்ததும் வசூலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துப் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பார்கள். விகிதம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். அப்பா வீட்டில் பங்குக் கணக்கு பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு வகுப்பில் விகிதசமம் ஏன் பிடிபடவில்லை? ஆழத்தைப் பாகத்தில் (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்) சொல்லும் வீட்டுப் பிள்ளைக்கு மீட்டரில் மதிப்பிடச் சொன்னால் என்ன செய்யும்? மண்டபம் பக்கம் பாசி வளர்க்கும் மூங்கில் மிதவை 12 அடிக்கு 12 அடி. அதை வைத்துப் பரப்பளவும் சுற்றளவும் நடத்திப் பார்த்தீர்களா? வாலிநோக்கம் உப்பளப் பாத்தி, சாயல்குடிக் கருப்பட்டி, மீன் ஏலம், எல்லாமே திறந்து கிடக்கின்றன. கடலுக்குச் சம்பந்தமில்லாத கேள்வியும் எடுக்கலாம், தப்பில்லை. எதிர்மறை எண்கள் பற்றியோ வடிவியல் நிரூபணம் பற்றியோ உங்களுக்கு ஆர்வம் என்றால் அதையே எடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 'கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கணக்கு இயல்பாகவே வரும்' என்று உருகி எழுதுவதும், 'கடற்கரை மாணவர்கள் பின்தங்கியவர்கள்' என்று பரமக்குடி மாணவர்களோடு ஒப்பிட்டு அட்டவணை போடுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். இரண்டிலும் பிள்ளை என்ன யோசிக்கிறது என்பது காணாமல் போகிறது.

இப்போதே தொடங்கக்கூடியது: ஒரு நோட்டு

சேர்க்கை அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். இந்தப் பருவத்திலேயே ஒரு நோட்டுப் போடுங்கள். விடைத்தாள் திருத்தும்போது சிவப்பு மையில் தப்புக் குறி போட்டுவிட்டு நகராமல், விசித்திரமான விடைகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 3/4 + 1/2 = 4/6 என்று எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு, 'எப்படிப்பா போட்டே, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள். திருத்தாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியராகப் பழகியவர்களுக்கு இந்தத் திருத்தாமல் கேட்பதுதான் ரொம்பக் கஷ்டம். வாய் துறுதுறுக்கும்.

இதற்கு ஒரு முறையும் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் நியூமன் 1977-இல் சொன்ன ஐந்து படிகள்: கணக்கை வாசிக்க முடிகிறதா, என்ன கேட்கிறது என்று புரிகிறதா, எந்தச் செயல் என்று தேர்ந்தெடுக்க முடிகிறதா, செய்முறை சரியா, விடையைச் சரியாக எழுத முடிகிறதா. பிள்ளை எந்தப் படியில் நின்றுவிடுகிறது என்று குறித்து வைத்தால் போதும். நிறைய பேர் செய்முறைக்கு வருவதற்கு முன்பே, கேள்வி புரியாமல் நின்றுவிடுவதைப் பார்ப்பீர்கள். வடிவியல் என்றால் நெதர்லாந்தின் வான் ஹீல தம்பதி 1957-இல் முன்வைத்த சிந்தனை நிலைகளைப் படியுங்கள். சாய்சதுரமும் ஒரு இணைகரம்தான் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது என்பதற்கு அதில் வழி கிடைக்கும்.

வாசிப்பை எங்கே தொடங்குவது? தேசிய கலைத்திட்ட வடிவமைப்பு 2005-க்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி வந்த நிலைப்பாட்டு அறிக்கை நல்ல தொடக்கம். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையிலான குழு தயாரித்தது, சின்ன அறிக்கைதான். குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே முதன்மை நோக்கம் என்று அது வாதிடும். கணக்கைக் கண்டு வரும் பயம் பற்றியும் நேராகப் பேசும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேட எரிக் (ERIC) என்ற கல்வி ஆய்வுத் தரவுத்தளம் இலவசம். ஆய்விதழ்களில் பல காசு கேட்கும். கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பலர் அனுப்பிவிடுவார்கள்.

எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் நாலைந்து கட்டுரைகள் மலையாகத் தெரியும். வாரம் ஒன்று என்று வையுங்கள். படித்து முடித்ததும் நாலே வரி தமிழில்: கேள்வி என்ன, யாரிடம் கேட்டார்கள், எப்படி, என்ன தெரிந்தது. இருபது கட்டுரை தாண்டினால் அதே சொற்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன என்பது தெரிந்துவிடும்.

தகுதியும் நுழைவும்

யுஜிசியின் 2022 நெறிமுறைப்படி முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீதம் வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. கல்வியியலில் சேர எந்த முதுநிலை என்பதில்தான் சிக்கல். பெரும்பாலான துறைகள் எம்.எட். கேட்கும். சில இடங்களில் எம்.ஏ. கல்வியியலையும் ஏற்பார்கள். இக்னோவில் அதைத் தொலைநிலையில் படிக்கலாம், வேலையில் இருப்பவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் நீங்கள் குறிவைக்கும் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

2024 ஜூன் தேர்விலிருந்து நெட் மதிப்பெண்ணே பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஜேஆர்எஃப் எனப்படும் ஆய்வு உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் என்று மூன்று அடுக்கு. ஜேஆர்எஃப் கிடைக்காத மற்ற இரண்டு அடுக்கினருக்கும் நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கு. அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் சுற்றுகள். பல்கலைக்கழகங்கள் சொந்த நுழைவுத் தேர்வு வைப்பதும் உண்டு. அதில் பாதிக் கேள்விகள் ஆய்வு முறையியல், பாதி பாடம்.

இங்கே கணக்கு ஆட்கள் குழம்பும் ஓர் இடம்: யுஜிசி நெட்டில் கணிதம் என்று ஒரு பாடமே கிடையாது. அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர் நெட்டில்தான் அது இருக்கிறது. கணிதக் கல்விக்கு நீங்கள் எழுத வேண்டியது யுஜிசி நெட்டில் கல்வியியல். கணக்கைப் பற்றி அதில் அநேகமாக ஒன்றும் இருக்காது. தத்துவம், உளவியல், சமூகவியல், கலைத்திட்டம் என்றுதான் போகும். எம்.எட். புத்தகங்களைத் தூசி தட்டுங்கள்.

எங்கே போவது

நமக்குப் பக்கம் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். அங்கே கல்வியியல் துறை இருக்கிறது. இராமநாதபுரத்திலிருந்து ரயிலில் மானாமதுரை வழியாகப் போகலாம். தொண்டிக்காரர்களுக்குத் திருவாடானை, தேவகோட்டை வழியாகப் பேருந்தே சௌகரியம். சென்னையில் உள்ள தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பி.எட். கல்லூரிகளிலும் நெறியாளர்கள் இருப்பார்கள். காந்திகிராமம், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார், திருச்சி பாரதிதாசன், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி என்று வட்டத்தை விரிக்கலாம்.

கணிதக் கல்வியை மட்டுமே முழுநேரமாக, அதற்கென்றே இருக்கும் ஆட்களோடு செய்ய வேண்டும் என்றால் மும்பை மான்குர்தில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது, 1974-இல் தொடங்கியது. எம்.எட். இல்லாத எம்.எஸ்ஸி. ஆட்களும் அங்கே விண்ணப்பிக்கலாம், உதவித்தொகை உண்டு. குடும்பத்தை விட்டுப் போக முடிந்தவர்கள், இளம் வயதுக்காரர்கள் இதை யோசிக்காமல் தாண்டிவிடாதீர்கள்.

தொலைநிலையிலோ இணையவழியிலோ பிஎச்.டி. செல்லாது. 'வடநாட்டில் ஒரு யுனிவர்சிட்டி, ரெண்டே வருஷம், நேரில் வரவே வேண்டாம்' என்று யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால் வைத்துவிடுங்கள். விதிமுறைகளை மீறிப் பிஎச்.டி. கொடுத்த ராஜஸ்தானின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்தாண்டுக்கு ஆய்வாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் யுஜிசி தடை போட்டது. அங்கே ஏற்கெனவே பணம் கட்டிச் சேர்ந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

கைடு

பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு பேர், உதவிப் பேராசிரியர் நாலு பேர் வரை வழிகாட்டலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. ஆக, போவதற்கு முன் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்: இடம் காலியா, எப்போது ஓய்வு. அப்புறம் மூன்றாவது, அதுதான் முக்கியம்: அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகளைச் சோத்கங்காவில் திறந்து இரண்டு அத்தியாயமாவது படியுங்கள். அவரிடம் இப்போது இருக்கும் ஆய்வாளர் ஒருவரோடு ஒரு டீ குடித்தால், நேர்காணலில் தெரியாததெல்லாம் தெரிந்துவிடும்.

முதல் கடிதம் இந்த அளவில் இருந்தால் போதும்:

'மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். நான் திருவாடானை வட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். வீட்டில் மீன், நண்டு எடை போடும் பிள்ளைகள் வகுப்பில் தசம எண்களை ஒப்பிடும்போது செய்யும் பிழைகளைக் குறித்து வருகிறேன். தங்கள் மாணவர் பின்னங்கள் பற்றிச் செய்த ஆய்வேட்டைப் படித்தேன். இந்த ஆண்டு பகுதிநேர ஆய்வாளருக்குத் தங்களிடம் இடம் இருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன். ஒரு பக்கக் குறிப்பை இணைத்திருக்கிறேன். தாங்கள் சொல்லும் நாளில் நேரில் வருகிறேன்.'

'ஏதாவது ஒரு டாபிக் கொடுங்க மேடம்' என்று வருபவர்களுக்கு நடுவில் இது தனியாகத் தெரியும். கல்வியியல் கைடுக்குக் கணிதம் அவ்வளவாகப் பழக்கமில்லை என்றால், கணிதத் துறையிலிருந்து ஒருவரை இணை நெறியாளராக வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

வேலையில் இருந்துகொண்டே

பகுதிநேரத்துக்கு நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும். படிக்க அனுமதி, படிக்க நேரம் இருக்கிறது, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்கு (தொடக்கத்தில் முடிக்க வேண்டிய பாடங்களுக்கு) விடுவிக்கிறோம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தலைமை ஆசிரியர் வழியாக முறைப்படி மேலே அனுப்புங்கள். ஒவ்வொரு மேசையாக நகர நாளாகும், சேர்க்கை அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் ரயில் போய்விடும். தனியார் பள்ளியில் வேலை பார்ப்பவர்கள் நிர்வாகம் வாயால் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

கோர்ஸ் ஒர்க் 12 முதல் 16 கிரெடிட். முறையியல், ஆய்வு நெறி எல்லாம் அதில் வரும், 55 சதவீதம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் ஆலோசனைக் குழு முன்னால் போய் என்ன செய்தோம் என்று காட்ட வேண்டும். டி.சி. மீட்டிங் என்பார்கள். குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஆறு. மறுபதிவில் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு. பெண் ஆய்வாளர்களுக்குப் பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. இதைக் கேட்கத் தயங்கிப் பாதியில் விடாதீர்கள்.

பணம். முழுநேரமாக ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. பகுதிநேரத்துக்கு இதெல்லாம் கிடையாது, பேருந்துச் செலவு உட்பட நம் கைக்காசுதான். கீழக்கரை, தொண்டிப் பக்கம் இன்னமும் மௌலானா ஆசாத் உதவித்தொகையைப் பற்றிக் கேட்கிறார்கள். அதை 2022-23-லேயே நிறுத்திவிட்டார்கள். சிறுபான்மை மாணவர்கள் நெட் வழியாகத்தான் முயல வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவருக்கான தேசிய உதவித்தொகைகள் தனியாக இருக்கின்றன.

களத்துக்கு எப்போது போவது

நம் கரைக்கு ஒரு நாட்காட்டி உண்டு, ஆய்வு முறையியல் புத்தகத்தில் அது இருக்காது. பள்ளி திறந்து பிள்ளைகள் நிலைப்பட்டதிலிருந்து செப்டம்பர் காலாண்டுத் தேர்வு வரைதான் நிம்மதியான காலம். அக்டோபரிலிருந்து வாடைக்காற்றும் மழையும், விடுமுறை அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஜனவரிக்குப் பிறகு பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பக்கம் யாரும் உங்களை அண்டவிட மாட்டார்கள். எட்டு வாரப் பாடம் நடத்திப் பார்க்கும் சோதனை ஆய்வு என்றால் ஜூலையில் தொடங்கியாக வேண்டும்.

வீடுகளுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேச வேண்டுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் பலர் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் விடுமுறை. வலை பின்னிக்கொண்டே பேசுவார்கள். ஆனால் அது வருமானம் நின்று கடன் ஏறும் காலமும்கூட. போனதும் மாத வருமானம் எவ்வளவு என்று படிவத்தை நீட்டினால் பேச்சு அத்தோடு முடிந்தது. நாட்டுப்படகுக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர்கள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். ரமலான் மாதத்தில் நோன்பிருக்கும் பிள்ளைகளுக்குப் பிற்பகலில் ஒன்றரை மணி நேரத் தேர்வு வைத்து, மதிப்பெண் குறைந்தது என்று எழுதக் கூடாது.

பள்ளிகளில் தரவு எடுக்க முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும். மஞ்சூரில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள், மாவட்டத்தில் கணக்குப் பாடத்தில் என்ன நடக்கிறது என்பது அங்கே தெரியும். பெற்றோர் சம்மதம் எழுத்தில், பிள்ளையின் சம்மதம் வாயால். பெயரை மறைத்தால் மட்டும் போதாது. சின்ன ஊரில் 'இரண்டு படகு வைத்திருப்பவரின் மூத்த மகன்' என்று எழுதினால் ஊரே கண்டுபிடித்துவிடும்.

சொந்த வகுப்பிலேயே ஆய்வு செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் மார்க் போடும் கையே கேள்வியும் கேட்கும்போது பிள்ளை உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும். நேர்காணலுக்கு மட்டும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரோடு பிள்ளைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வினாநிரலைத் தமிழாக்கினால் ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிடுங்கள். பிறகு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளிடம் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். எஸ்பிஎஸ்எஸ் வாங்கக் காசு இல்லையென்றால் ஜமோவி, பிஎஸ்பிபி இலவசம், வேலை நடக்கும். டி-சோதனைக்கு முன் அந்தக் கேள்விக்கு டி-சோதனை தேவையா என்று யோசியுங்கள். ஆறு பிள்ளைகளோடு ஆழமாகப் பேசிய நேர்காணல்களுக்கு அட்டவணை போட வேண்டியதில்லை.

எழுத்தும் வைவாவும்

ஆய்வேடு எழுதித் தரும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. யுஜிசியின் 2018 விதிப்படி மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் நடவடிக்கை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. விதியை விடுங்கள், வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர் 'இந்தக் கூறு பகுப்பாய்வை ஏன் செய்தீர்கள்' என்று ஒரு கேள்வி கேட்டால் கடைக்காரர் வந்து பதில் சொல்ல மாட்டார். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் கட்டுரை போடும் இதழ்களும் அப்படித்தான். ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 நெறிமுறை எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு வைத்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். தரமான ஆய்விதழ்களுக்கென்று இருந்த யுஜிசி-கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது, எனவே 'கேர் லிஸ்டில் இருக்கிறோம்' என்று சொல்லும் இதழுக்கு அந்தப் பேச்சு இனி உதவாது.

நேரம் கிடைக்கும்போது எழுதலாம் என்றால் கிடைக்காது. காலையில் முக்கால் மணி நேரம், பள்ளிக்குக் கிளம்பும் முன். முதலில் தரவு அத்தியாயத்தை எழுதுங்கள், முன்னுரை கடைசியில். மேற்கோள்களை ஒழுங்குபடுத்தும் ஜோட்டெரோ மென்பொருளில் முதல் நாளிலிருந்தே போட்டு வந்தால் கடைசி மாதத்தில் தூங்கலாம்.

ஆய்வேடு வெளித் தேர்வாளர்கள் குறைந்தது இரண்டு பேருக்குப் போகும். அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகலாம், அதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வைவா பொதுவில் நடக்கும். தரவு எடுத்த பள்ளிகளின் ஆசிரியர்களைக் கூப்பிடுங்கள். அந்தப் பள்ளிகளுக்கு ஒவ்வொன்றாக ஒரு பக்கத்தில், தமிழில், என்ன தெரிந்தது என்று எழுதிக் கொடுங்கள்.

பட்டம் கைக்கு வந்ததும் பணிப்பதிவேட்டில் பதியக் கொடுக்கும்போது, படிக்க அனுமதித்த ஆணையின் நகலும் கேட்பார்கள். சேரும் நாளிலேயே அதை நகலெடுத்து வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று வைத்துவிடுங்கள். ஐந்தாறு வருடம் கழித்து அலுவலகக் கோப்பில் அதைத் தேடுவது ஆய்வை விடப் பெரிய வேலை.